நிலவுக்குப் போன போர்வை

மூவார் என்ற ஊரில் தோல் சோபா தைப்பவர்கள் ஊசியை இறக்குமுன் ஒரு கணம் மூச்சை நிறுத்திக்கொள்வார்கள். துணியில் தையல் கோணினால் பிரித்துத் திரும்பத் தைத்துக்கொள்ளலாம். தோலில் விழுந்த துளை விழுந்ததுதான். அதை மூட ஒரு வழியும் கிடையாது. உமாதேவி பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அந்த வேலைக்குப் போனவர். மரத்தூளும் பசை நெடியும் நிறைந்த ஒரு பட்டறையின் மூலையில் அவருடைய இயந்திரம் இருந்தது. அங்கே அவர் தைத்த சோபாக்கள் எந்த ஊர் வரவேற்பறையில் போய்க் கிடக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றியதும் இல்லை. லாரியில் ஏற்றினார்கள், போயின.

திருச்செல்வத்தைக் கல்யாணம் செய்துகொண்டு கூலாய்க்கு வந்த பிறகும் ஊசி அவரை விடவில்லை. கணவர் பாசிர் கூடாங்குக்குத் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டினார். உமாதேவி முதலில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்தார். பிறகு செனாய்க்குப் பக்கத்தில் விமான இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தார். வேலை சுத்தமாக இருக்கும், அதிகம் பேச மாட்டார், மதியம் சோற்றுப் பொட்டலத்தை எல்லோருக்கும் நீட்டுவார். அவரைப் பற்றி அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த நிறுவனத்துக்கு ஒரு நாள் யாரும் எதிர்பாராத வேலை ஒன்று வந்தது. வெளிநாட்டு ஆய்வுக் குழு ஒன்று நிலவின் தென்முனைக்குப் பக்கத்தில் ஒரு கலத்தை இறக்கப்போகிறது. அதில் ஒரு கருவி. நிலவின் மண்ணைக் கொஞ்சம் அள்ளிச் சூடாக்கி, கிளம்பும் ஆவியில் என்னென்ன இருக்கிறது என்று முகர்ந்து பார்க்கும் கருவி. முக்கியமாக, தண்ணீர் இருக்கிறதா என்று. அந்தக் கருவிக்கு ஒரு போர்வை தைக்க வேண்டும்.

“நிலாவுக்குப் போர்வையா?” என்று உமாதேவி சிரித்துவிட்டார்.

“சிரிக்காதீங்க அக்கா, நெஜமாத்தான்” என்றாள் தர்ஷனா. அந்தப் பிரிவின் பொறியாளர் அவள். ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவள். “அங்க காத்தே கிடையாது. வெயில் பட்டா கொதிக்கிற தண்ணியவிட சூடு. நெழல்ல நம்ம ஐஸ் பெட்டியெல்லாம் ஒண்ணுமே இல்லாத அளவுக்குக் குளிர். ரெண்டையும் அந்தக் கருவி தாங்கணும்னா மேல போர்த்தித்தான் அனுப்பணும்.”

போர்வை என்று சொன்னாலும் அது துணி இல்லை. வெங்காயத் தோலைவிட மெல்லிய பளபளப்பான படலங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. இரண்டு படலங்களுக்கு நடுவில் கொசுவலை போன்ற ஒரு வலை. உள்ளே எல்லாம் வெள்ளி நிறம். வெளியே தெரியும் கடைசிப் படலம் மட்டும் தங்க நிறம்.

தைத்துக் காட்டச் சொல்லி ஐந்தாறு பேருக்குத் துண்டுப் படலங்கள் கொடுத்தார்கள். துணி தைத்துப் பழகியவர்கள் நூலை இழுத்தார்கள், படலம் கிழிந்தது. உமாதேவிக்கும் முதல் துண்டு சரியாக வரவில்லை. சோபாவில் நூலை இறுக்கி இழுத்தால்தான் தையல் நிற்கும். இங்கே இறுக்கினால் படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்தில் வெப்பம் கடந்துவிடும். ஒவ்வொரு துளையும் வெப்பத்துக்கு ஒரு வாசல். ஆகவே தையல் குறைவாக இருக்க வேண்டும், தளர்வாகவும் இருக்க வேண்டும், ஆனால் ராக்கெட்டின் அதிர்வில் பிரியவும் கூடாது. இருபது ஆண்டுகளாகக் கையில் ஏறியிருந்த பழக்கத்தை அவர் மெல்ல மெல்ல இறக்கி வைத்தார். துளையை வீணாக்காத பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார். கடைசியில் வேலை அவர் கைக்கே வந்தது.

அப்போதே தர்ஷனா ஒன்றை விளக்கிவிட்டாள். ஆய்வுக் குழு எதையும் ஒன்றே ஒன்றாகச் செய்து வைக்காது. இந்தப் போர்வையைப் போலவே இன்னொன்றை அவர்கள் தங்கள் நாட்டிலும் தைக்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் நிலவுக்குப் போகும். மற்றது பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். இங்கே தைப்பது பரிசோதனையில் தேறினால் இதுதான் போகும். தேறாவிட்டால் அது.

“அப்ப நம்மளுது போகணும்” என்றார் உமாதேவி. தனக்கு இது வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதை அந்தத் தொழிற்சாலையில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

போர்வை தைக்கும் அறையை எல்லோரும் ‘கிளீன் ரூம்’ என்றார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகமூடி, கையுறை. பவுடர், எண்ணெய், வாசனைத் திரவியம் எதுவும் கூடாது. கையை ஆல்கஹால் துணியால் துடைத்துவிட்டுத்தான் கையுறை போட வேண்டும்.

“இவ்வளவு எதுக்கு?” என்று ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் உமாதேவி கேட்டார்.

தர்ஷனா மிளகாய்ச் சம்பலைச் சோற்றில் பிசைந்துகொண்டே சொன்னாள். “பென்னுன்னு ஒரு சிறுகோள் இருக்குக்கா. அதுலேர்ந்து கொஞ்சம் மண்ண அள்ளிட்டு வந்தாங்க. பாத்தா, உயிருக்கு வேண்டிய மூலப்பொருள் நெறைய அந்த மண்ணுல இருக்கு. அமினோ அமிலம், இன்னும் என்னென்னமோ. பூமி உண்டான காலத்துப் பழசு அது. எவ்வளவு பெரிய விஷயம்! ஆனா அதச் சொல்றதுக்கு முன்னாடி என்ன நிரூபிக்கணும் தெரியுமா?”

“என்ன?”

“அது நம்ம கையிலேர்ந்து ஒட்டுனது இல்லன்னு நிரூபிக்கணும். நம்ம எச்சி, வேர்வை, தலமுடி எண்ணெய் எல்லாத்துலயும் அதே சாமான்தானே இருக்கு. கை பட்டுச்சுன்னா கண்டுபிடிப்பே போச்சு. நம்ம கருவியும் மோப்பம் புடிக்கிற கருவி. போர்வையில ஏதாவது ஒட்டியிருந்தா, மேல போனதும் அது ஆவியாகி மூக்குக்குள்ளதான் போகும்.”

உமாதேவி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று முதல் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பதைச் சனிக்கிழமை மதியத்துக்கு மாற்றிக்கொண்டார். வெள்ளிக்கிழமை முகத்துக்கு மஞ்சள் பூசுவதை விட்டார்.

போர்வையின் நான்கு ஓரங்களில் மூன்றைத் தைத்து முடித்திருந்தபோது மூவாரில் அண்ணன் மகளுக்கு நலங்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. கல்யாணம் அடுத்த ஞாயிறு. திங்கட்கிழமை உமாதேவி கடைசி ஓரத்தை மூட வேண்டும். செவ்வாய்க்கிழமை ஆய்வுக் குழுவின் பரிசோதகர் வருகிறார்.

நலங்கில் கல்யாணப் பெண்ணுக்கு முதலில் மஞ்சள் பூச வேண்டியவர் அத்தை. உமாதேவி வாசல் பக்கமே நின்றுகொண்டிருந்தார்.

“என்ன உமா, விருந்தாளி மாதிரி அங்கயே நிக்கிற? வா, அத்தக்காரி நீதான் மொதல்ல வைக்கணும்” என்று அண்ணி கிருஷ்ணம்மா மஞ்சள் கிண்ணத்தை நீட்டினார்.

“அண்ணி, நாளைக்கு எனக்கு முக்கியமான வேல. கையில மஞ்ச படக்கூடாது. நான் பூ போட்டு ஆசீர்வாதம் பண்றேனே.”

“அலமாக்! கேட்டீங்களா எல்லாரும்?” கிருஷ்ணம்மா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “நெலாவுக்கு பெட்ஷீட் தைக்கிறவங்க நம்ம வீட்டு மஞ்சளத் தொட மாட்டாங்களாம்!”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. “நெலாவுல யாருக்குக்கா குளுருது?” என்று ஒருத்தி கேட்டாள். “அங்க வட சுடுற பாட்டிக்குத்தான்” என்று இன்னொருத்தி சொல்ல, சிரிப்பு இரட்டிப்பானது.

உமாதேவிக்கு முகம் சூடானது. விளக்கிச் சொல்லலாம். ஆனால் ஆவி, படலம், மூக்கு என்று அந்தக் கூடத்தில் நின்று எப்படிச் சொல்வது? அதற்குள் மணையில் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். “அத்த, நீங்க வைக்காம வேற யாரு வைப்பா?” என்றாள். அவள் கேலி செய்யவில்லை. அதுதான் உமாதேவியை அசைத்தது. இரண்டு கையையும் கிண்ணத்தில் முக்கி, பெண்ணின் கன்னத்திலும் கையிலும் காலிலும் நிறைவாகப் பூசினார்.

பூசி முடித்ததும் பின்பக்கக் குழாயடிக்குப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பு, எலுமிச்சை, மறுபடி சோப்பு. கூலாய்க்குத் திரும்பும் வழி முழுவதும் காரில் ஈரத்துணியால் விரல்களைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

“தோலு உரிஞ்சிரப் போகுது, விடு உமா” என்றார் திருச்செல்வம். “அதான் மேல கிளவுஸ் போடுவீல்ல?”

“போடுவேன்தான்.”

“அப்புறம் என்ன?”

திங்கட்கிழமை காலை நகக்கண்களில் மட்டும் லேசாக மஞ்சள் தெரிந்தது. கையுறைக்குள் இருப்பது வெளியே வராது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உமாதேவி வேலையைத் தொடங்கினார். கடைசி மூலைக்கு வந்தபோது ஊசி கையுறையைக் கீறியது. கீறினால் இரண்டு கையுறைகளையும் மாற்ற வேண்டும். வெளியே வந்து இரண்டையும் கழற்றி, கையை ஆல்கஹால் துணியால் துடைத்து, புது உறைகளைப் போட்டார். உறையின் மணிக்கட்டுப் பக்கத்தை மட்டும் பிடித்து இழுக்க வேண்டும் என்பது விதி. இடக்கை உறையில் விரல்கள் சரியாக உட்காரவில்லை. வலக்கை இன்னும் வெறுங்கைதான். அந்தக் கையால் இடக்கை உறையின் விரல் நுனிகளை ஒரு இழு இழுத்துவிட்டார். கண் சிமிட்டும் நேரம். பிறகு உள்ளே போய் முடிச்சைப் போட்டார். தங்க நிறப் போர்வை ஒரு சுருக்கம் இல்லாமல் மேசையில் கிடந்தது. தர்ஷனா கண்ணாடிச் சுவருக்கு வெளியிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

மறுநாள் வந்த பரிசோதகரின் பெயர் மொரிதா. மெலிந்த மனிதர். குரல் எழுப்பாமல் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். தையலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்று, இதைத் தைத்தது யார் என்று கேட்டார். தர்ஷனா உமாதேவியைக் காட்டினாள். மொரிதா அவரைப் பார்த்து இலேசாகத் தலை குனிந்தார். உமாதேவிக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது.

அடுத்தது புற ஊதா விளக்கு. அறை விளக்குகளை அணைத்தார்கள். அந்த விளக்கின் ஒளியில், கண்ணுக்குத் தெரியாத தூசியும் பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கும் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். மொரிதா விளக்கைப் போர்வையின் மேல் மெதுவாக நகர்த்தினார். இருள், இருள், இருள். கடைசி மூலையில் விரல்நுனி அளவுக்கு ஒரு பச்சை கலந்த மஞ்சள் ஒளி பளீரென்று எழுந்தது.

அறை விளக்கைப் போட்டார்கள். மூலையில் ஒன்றுமே தெரியவில்லை, தங்க நிறம் மட்டுமே. மறுபடி அணைத்தார்கள். மறுபடி அதே ஒளி.

“டேப்போட பசையா இருக்குமோ?” என்று தர்ஷனா முணுமுணுத்தாள். ஓரங்களை ஒட்டும் டேப்பில் புதிய சுருள் ஒன்றைப் போன வாரம்தான் அவள் சரிபார்த்து உள்ளே அனுப்பியிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

மொரிதா கைகளைக் கட்டிக்கொண்டு யோசித்தார். என்ன கறை என்று தெரிந்தால் அதற்கு வழி தேடலாம், தெரியாத கறையை நிலவுக்கு அனுப்ப முடியாது என்றார். டேப்பின் பசைதான் காரணம் என்றால் நான்கு ஓரமும் சந்தேகம். எங்களிடம் இன்னொரு போர்வை தயாராக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்கிறோம் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

உமாதேவி எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தார். அந்த ஒளி எதன் வடிவம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முடிச்சைப் போடும்போது இடக்கை ஆள்காட்டி விரல் அழுத்தி நின்ற இடம் அது. பேசாமல் இருந்தால் பழி டேப்பின் மேல் போகும், தர்ஷனாவின் மேல் போகும், போர்வை பெட்டிக்குள் போகும். பேசினாலும் போர்வை பெட்டிக்குள்தான் போகுமோ என்னவோ. ஆனால் தெரியாத கறை என்று மொரிதா சொன்ன சொல் அவருக்குள் தைத்து நின்றது. தெரியாத கறை இல்லையே அது.

அவர் மேசையை விட்டுத் தள்ளிப் போய் நின்றார். வலக்கை உறையைக் கழற்றினார்.

“அக்கா, என்ன பண்றீங்க!” என்று தர்ஷனா பதறினாள்.

“அந்த லைட்ட இங்க கொஞ்சம் காட்டச் சொல்லும்மா.”

மொரிதா புரியாமல் விளக்கைத் திருப்பினார். இருட்டில் உமாதேவியின் கை எரிந்தது. ஐந்து நகங்களைச் சுற்றியும் விரல் ரேகைகளிலும் உள்ளங்கைக் கோடுகளிலும் அதே பச்சை கலந்த மஞ்சள் ஒளி.

“மஞ்ச” என்றார் உமாதேவி. “ஞாயித்துக்கெழம எங்க அண்ணன் மகளுக்கு நலங்கு. நான்தான் பூசுனேன். தொடக்கூடாதுன்னு தெரியும், தெரிஞ்சும் தொட்டேன். கிளவுஸ் மாத்தும்போது வெறுங்கையால வெரல இழுத்துவிட்டேன். டேப் மேல தப்பு இல்ல. தர்ஷனா மேலயும் இல்ல.”

தர்ஷனா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். மொரிதா அந்தக் கையின் பக்கத்தில் குனிந்து, ஒரு நட்சத்திரப் படத்தைப் பார்ப்பவரைப் போல் வெகுநேரம் பார்த்தார். கறியில் போடுவதா என்று கேட்டார். ஆமாம், அதுதான். கல்யாணத்துக்கு முன் பெண்ணுக்குப் பூசுவோம் என்றாள் தர்ஷனா. மொரிதா நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை. வேறு ஏதோ வேலை தொடங்கிவிட்டவரின் பரபரப்பு இருந்தது. அப்படியானால் அது மஞ்சள்தானா என்று சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார்.

தொழிற்சாலை உணவகத்து அடுப்படியிலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் வந்தது. வெளியறையில், வீணான படலத் துண்டு ஒன்றில், ஆல்கஹாலில் நனைத்துத் தடவிப் பார்த்தார்கள். விளக்கில் அதே நிறம், அதே ஒளி. சோப்புத் தண்ணீருக்கு அசையாத மஞ்சள் ஆல்கஹாலில் கரைந்துவிடும் என்று தர்ஷனா விளக்கினாள். உமாதேவி வெகுநேரம் சோப்புப் போட்டுத் தேய்த்தபோது நகக்கண்ணை விட்டு வராத மஞ்சள், விதிப்படி ஆல்கஹால் துணியால் துடைத்ததும் இளகி வெளியே வந்திருக்கிறது.

“இது அப்படியே மேல போயிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமாக்கா?” பதற்றம் இறங்கியதும் தர்ஷனாவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. “நெலாவுல யாரோ கறி வைக்கிறாங்கன்னு உலகம் பூரா நியூஸ் வந்திருக்கும் லா!”

உமாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. “என்னுது போகுமா போகாதா, அதக் கேளு” என்றார்.

மொரிதாவின் பதில் இதுதான். கறை வெளிப் படலத்தில் மட்டும் இருந்தால் அந்தப் படலத்தை மாற்றலாம். ஆனால் உள்படலங்களில் ஒரு புதிய துளைகூட விழக்கூடாது. பழைய துளைகள் வழியாகவே தைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவர் ஊருக்குத் திரும்புகிறார். அதற்குள் முடிந்தால் மறுபடி விளக்கை வைத்துப் பார்ப்பார். முடியாவிட்டால் இந்தப் போர்வை இங்கேயே இருக்கட்டும்.

பழைய துளைகளிலேயே தைப்பது பேச்சுக்கு எளிது. புதிய தங்கப் படலத்தை மேலே விரித்துவிட்டால் கீழே உள்ள துளைகள் ஒன்றும் தெரியாது. பழைய வெளிப் படலத்தை அச்சாக வைக்கலாம் என்றால் அதில்தான் மஞ்சள் இருக்கிறது. தர்ஷனா அளந்து குறிக்கலாம் என்றாள். கையால் தைத்தது, ஒரே அளவில் இருக்காது என்றார் உமாதேவி. இருவரும் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கவுத்துப் போட்டா?” என்றார் உமாதேவி திடீரென்று.

“என்னக்கா?”

“மேலேர்ந்து பாத்தாத்தான ஓட்ட தெரியாது? கவுத்துப் போட்டா எல்லாம் தெரியும். அடியிலேர்ந்து ஒவ்வொரு ஓட்டையிலயும் வெறும் ஊசிய வுட்டு மேல குத்தி எடுத்துருவோம். நூலு அப்புறம். தோலுல அப்படித்தான் செய்வோம், ஓட்ட முன்னாடி, நூலு பின்னாடி.”

தர்ஷனா சற்று யோசித்தாள். “கவுத்தா நுனி மடங்கிரும். புதுப் படலம் நகராம இருக்கணும். நான் ஒரு சட்டம் அடிக்கச் சொல்றேன், நாலு பக்கமும் புடிச்சுக்கிற மாதிரி” என்றாள். அன்று மாலைக்குள் சட்டம் வந்துவிட்டது.

தையலைப் பிரித்ததும் மொரிதா ஒவ்வொரு படலமாக விளக்கு வைத்துப் பார்த்தார். உள்ளே எதிலும் மஞ்சள் இறங்கவில்லை. பழைய தங்கப் படலத்தை ஒரு பையில் போட்டு வெளியே எடுத்துப் போனார்கள். புதன்கிழமையும் வியாழக்கிழமையும் உமாதேவி கவிழ்ந்து கிடந்த போர்வையின் முன் உட்கார்ந்திருந்தார். கையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உறைகள். ஒவ்வொரு முறை உறை மாற்றும்போதும் மேற்பார்வையாளர் ரொஹானா பக்கத்தில் நின்று பார்த்தார். ஊசி பழைய துளைக்குள் இறங்கும்போது ஒன்றும் தடுக்காது. மேல் படலத்தைக் குத்தும்போது மட்டும் ‘டிக்’ என்று மிக மெல்லிய ஓர் ஓசை. அந்த ஓசைக்கு முன் ஏதாவது தடுத்தால் ஊசி துளை தவறுகிறது என்று பொருள். தடுத்த இடங்களில் எல்லாம் அவர் ஊசியைப் பின்வாங்கி, காத்திருந்து, மறுபடி தேடினார். வீட்டில் திருச்செல்வம் சமைத்தார். மஞ்சள் போடாமல் வெளுத்திருந்த சாம்பாரை இருவரும் சாப்பிட்டார்கள்.

“இதுக்குப் பேரு சாம்பாரா?” என்றார் அவர்.

“பேசாம சாப்பிடுங்க. நெலாவுக்குப் போறவங்க வீட்டுச் சாப்பாடு இப்படித்தான் இருக்கும்” என்றார் உமாதேவி. அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி விளக்குகள் அணைந்தன. மொரிதா விளக்கை நகர்த்தினார். முதல் ஓரம், இரண்டாவது, மூன்றாவது. நான்காவது ஓரத்தில் இன்னும் மெதுவாக. கடைசி மூலையில் விளக்கை நிறுத்தி, இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். இருள்தான். பிறகு போர்வையைக் கவிழ்த்து, உள்படலத் துளைகளைப் பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதற்கு வெகுநேரம் பிடித்தது. முடித்ததும் தன் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் போர்வையின் பெட்டியில் கட்டினார். ஆங்கிலத்தில் ஒரே சொல். பறக்கப்போவது இதுதான் என்பதற்கு அடையாளம்.

தர்ஷனா உடைக்குள்ளிருந்தபடியே உமாதேவியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு வெள்ளை மூட்டைகள் மோதிக்கொண்டதைப் போலிருந்தது.

நிறுவனம் உமாதேவியைக் கூப்பிட்டு வாய்மொழியாக எச்சரித்தது. அதை அவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். உடை மாற்றும் அறையின் கதவில் புதிதாக ஓர் அறிவிப்பு வந்தது. எண்ணெய், பவுடர் என்ற வரிசைக்குக் கீழே, மஞ்சள் என்று நான்கு மொழிகளில். மருதாணியையும் சேர்க்க வேண்டும், எங்கள் பக்கக் கல்யாணத்தில் அதுதான் என்று ரொஹானா சொல்ல, அதையும் சேர்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில், போர்வை ஏற்கெனவே விமானம் ஏறிவிட்ட நிம்மதியில், உமாதேவி மஞ்சள் அரிசியை இரண்டு கையாலும் அள்ளித் தூவினார். தன் வேலையைப் பற்றி அங்கே யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. போய்ச் சேரட்டும் என்று இருந்தார்.

ராக்கெட் கிளம்புவது இரண்டு முறை தள்ளிப்போனது. மூன்றாம் முறை கிளம்பியது. கலம் நிலவில் இறங்கிய நாளில் தொழிற்சாலையின் உணவகத்தில் தொலைக்காட்சியின் முன் எல்லோரும் கூடியிருந்தார்கள். நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. இறங்கிய செய்தி வந்ததும் மேசைகளைத் தட்டினார்கள். அடுத்த நாள் ஒரு படம் வந்தது. சாம்பல் நிற மண், நீண்ட நிழல்கள், கலத்தின் ஒரு கால், அதன் பக்கத்தில் தங்க நிறத்தில் பளபளக்கும் அந்தக் கருவி. தர்ஷனா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். ஓரத்தில் தையல் கூடத் தெரிந்தது.

எல்லோரும் உமாதேவியின் கையைக் குலுக்கினார்கள். அவர் சிரித்தார், நன்றி சொன்னார். ஆனால் வீட்டுக்குப் போனபின் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை.

“ஏன் உமா, உங்க அண்ணன் குரூப்புல போடலாம்ல?” என்றார் திருச்செல்வம்.

“போறது மட்டும் போதாதுங்க. அந்த மூக்கு என்ன சொல்லுதுன்னு பாக்கணும்.”

அதற்குச் சில மாதங்கள் ஆயின. ஒரு நாள் மதியம் தர்ஷனா தையல் பிரிவுக்கே ஓடி வந்தாள். ஆய்வுக் குழு முதல் முடிவுகளை வெளியிட்டிருந்தது. கருவி அள்ளிய மண்ணில் நீராவி கிளம்பியிருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் சந்தேகமில்லாமல் நீர். வெயிலே படாத பள்ளத்தின் விளிம்பில், எத்தனையோ கோடி ஆண்டுகளாக உறைந்து கிடந்த நீர்.

“மத்தது?” என்று உமாதேவி கேட்டார். ஊசி கையிலேயே இருந்தது.

“அதுக்குத்தானே வந்தேன். மொரிதா ஸாரே அந்த வரிய எடுத்து அனுப்பியிருக்காரு, உங்ககிட்ட காட்டச் சொல்லி.” தர்ஷனா தொலைபேசியைப் பார்த்துப் படித்தாள். “பூமியிலிருந்து ஒட்டிச் சென்ற எந்தப் பொருளின் தடயமும் அளவீடுகளில் காணப்படவில்லை.”

“இன்னொரு தடவ படி.”

படித்தாள்.

“இங்கிலீஷ்லயும் படி. அவங்க எழுதுன மாதிரியே கேக்கணும்.”

அதையும் படித்தாள். உமாதேவி ஊசியை மேசையில் வைத்துவிட்டு, தர்ஷனாவிடம் அந்தப் படத்தையும் அந்த வரியையும் தனக்கு அனுப்பச் சொன்னார். வந்ததும் மூவார் குடும்பக் குழுவில் இரண்டையும் போட்டார். தன் பங்குக்கு ஒரு சொல்கூட எழுதவில்லை.

மாலை வேலை முடிந்து பேருந்துக்கு நிற்கும்போது கிருஷ்ணம்மா அழைத்தார். பின்னால் பல குரல்கள் கேட்டன. எல்லோரும் ஒரே தொலைபேசியைச் சுற்றிக் கூடியிருப்பது தெரிந்தது.

“உமா, படத்த இவ்ளோ பெருசாக்கிப் பாத்துட்டு இருக்கோம். சரியாத் தெரியல. இதுல எந்த மூல நீ தைச்சது?”

“நாலு மூலயும் நான் தைச்சதுதான் அண்ணி” என்றார் உமாதேவி.